கார் பகலில் எங்கே நிற்கிறது?

ஒரு சிறிய மின்சாரக் காரை ஓட்ட மூன்று சோலார் பேனல் போதும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, அதனால் கணக்கை முதலிலேயே வைத்துவிடுகிறேன். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் கார் என்று எடுத்துக்கொள்வோம். பினாங்குச் சூட்டில் ஏர்கான் போட்டு ஓட்டினாலும் எங்கள் பிவைடி டால்பின் மாதிரி ஒரு கார் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 யூனிட் எடுக்கும், மாதத்துக்கு 150 யூனிட். சார்ஜ் ஆகும்போது வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 170 யூனிட் இழுக்க வேண்டியிருக்கும், அதாவது நாளுக்கு ஆறு யூனிட்டுக்குள். இங்கே ஒரு கிலோவாட் பேனல் வருடச் சராசரியில் நாளொன்றுக்கு மூன்றரை யூனிட் தருகிறது. இப்போது விற்கும் பேனல் ஒன்று 580 வாட் அளவில் இருக்கிறது. மூன்று பேனல், நாளுக்கு ஆறு யூனிட், கணக்கு முடிந்தது. அந்த மூன்றும் கூரையில் பிடிக்கும் இடம் எட்டுச் சதுர மீட்டர்தான். கார் நிற்கிற இடமே அதைவிடப் பெரிது.

ஆகவே கூரை போதுமா, வெயில் போதுமா என்று கவலைப்பட வேண்டியதில்லை. குளுகோரில் எங்கள் வீடு சாதாரண இரட்டை மாடி வரிசை வீடு, கூரையில் பத்துப் பேனல், காருக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: காலை ஒன்பதரை மணியிலிருந்து மாலை நான்கு வரை உங்கள் கார் எங்கே நிற்கிறது? சோலார் கம்பெனிக்காரர்கள் கூரையின் படத்தை வாட்சாப்பில் அனுப்பச் சொல்கிறார்கள், மூன்று மாத கரண்டு பில்லை அனுப்பச் சொல்கிறார்கள், இந்த ஒன்றை மட்டும் கேட்பதில்லை. எனக்கோ முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது என்று படுகிறது.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் என் மனைவியின் தம்பி. புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறான். புதிய திட்டத்தில் சோலார் போடப் போகிறான், மின்சாரக் காரும் வாங்கப் போகிறான், வாரத்துக்கு நான்கு முறை போன் செய்து, “அத்தான், அப்படியே பேனலிலிருந்து நேராக காருக்குக் கொடுக்க முடியாதா?” என்று கேட்கிறான். அவனுக்குச் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த ‘நேராக’ என்பதை எடுத்துக்கொள்வோம். பேனலிலிருந்து வருவது டிசி மின்சாரம், கார் பேட்டரியில் இருப்பதும் டிசி மின்சாரம், அப்படியென்றால் டிசியை வீட்டில் ஓடும் ஏசி மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் நடுவில் எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் பேனலின் வோல்ட்டேஜ் வெயிலோடும் சூட்டோடும் சேர்ந்து மாறிக்கொண்டே இருக்கும். பேட்டரியோ ஒவ்வொரு நொடியும் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் வேண்டும் என்று தானே சொல்லும், அதைத் துல்லியமாகக் கொடுத்தால் மட்டுமே வாங்கிக்கொள்ளும். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் இருக்கும் பெரிய டிசி சார்ஜருக்குள் நடப்பது இந்தப் பேச்சுவார்த்தைதான். இதையே வீட்டளவில் செய்யும் கருவிகள் இப்போது வந்துவிட்டன. பேட்டரியோடும் வேலை செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டரோடு சேர்ந்து ஒரு டிசி சார்ஜர் இருக்கும், பேனல் மின்சாரம் ஏசியாக மாறாமலே காருக்குப் போகும். நல்ல தொழில்நுட்பம், விலைதான் அதிகம், அதில் மிச்சமாகும் மின்சாரத்தை வைத்து அந்த விலையை மீட்பது ஒரு சாதாரணக் குடும்பத்துக்குக் கடினம். எங்களைப் போன்றவர்களுக்கு வழக்கமான பாதையே போதும்: பேனல், இன்வெர்ட்டர், வீட்டின் டிபி பெட்டி (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி), சார்ஜர், அப்புறம் காருக்குள்ளேயே இருக்கும் ஏசி சார்ஜர், கடைசியில் பேட்டரி. கூரையில் உண்டாகும் மின்சாரம் அந்த நேரத்தில் வீட்டுக்குள் எது ஓடுகிறதோ அதற்குத்தான் முதலில் போகும். மிஞ்சினால்தான் மீட்டர் வழியாக வெளியே போகும். ஆகவே வெயில் அடிக்கும் நேரத்தில் கார் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் அது நேரடி சோலார்தான், அதற்கென்று தனிக் கம்பி இழுக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நமக்கு மின்சாரம் விநியோகிக்கும் தெனாகாவின் மின்சாரம் போய்விட்டால் கூரையில் எவ்வளவு வெயில் இருந்தாலும் சாதாரண இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். தெருவில் கம்பியைச் சரி செய்துகொண்டிருக்கும் ஆளுக்கு நம் வீட்டு மின்சாரம் அடித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. பிளாக் அவுட்டில் காருக்குச் சார்ஜ் ஏறாது. ஆனால் காரிலிருந்து ஒரு அடாப்டர் வழியாக விசிறிக்கும் குளிர்பெட்டிக்கும் மின்சாரம் எடுக்கும் வசதி டால்பின் உட்படப் பல கார்களில் இருக்கிறது.

சரி, பணத்துக்கு வருவோம். வீட்டுக் கூரையிலிருந்து வெளியே அனுப்பும் மின்சாரத்தைப் பில்லில் கழித்துக்கொள்ளும் நெம் திட்டத்தில் நான் 2023இல் சேர்ந்தேன். ஒற்றை ஃபேஸ் வீட்டுக்கு அப்போது 4 கிலோவாட்தான் உச்சவரம்பு. பகலில் ஒரு யூனிட் வெளியே அனுப்பினால் இரவில் ஒரு யூனிட் கழித்துக்கொள்ளலாம், ஒன்றுக்கு ஒன்று, பத்து வருடத்துக்கு. அந்த ஏற்பாட்டில் காரைப் பகலில் சார்ஜ் செய்தாலும் இரவில் சார்ஜ் செய்தாலும் பில்லில் பெரிய வித்தியாசம் கிடையாது. அந்த நெம் 2025 ஜூன் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது. 2026 ஜனவரி 1 முதல் அதன் இடத்தில் சோலார் அத்தாப் என்ற திட்டம் வந்திருக்கிறது, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைக் கவனிக்கும் அரசு அமைப்பான சேடாதான் இதையும் பார்த்துக்கொள்கிறது. என் மச்சான் சேரப் போவது இதில். இங்கே கணக்கு மாறிவிடுகிறது.

2025 ஜூலையில் வந்த புதிய கட்டணத்தில், மாதம் 1,500 யூனிட்டுக்குள் எடுக்கும் வீட்டுக்கு ஒரு யூனிட்டின் விலை மூன்று துண்டாகப் பிரிந்திருக்கிறது: மின்சாரத்துக்கு 27.03 சென், மின்நிலையங்களின் கொள்ளளவுக்கு 4.55 சென், கம்பிக் கட்டமைப்புக்கு 12.85 சென். கூட்டினால் 44.43 சென். இது நாம் வாங்கும் விலை. அத்தாப்பில் நாம் வெளியே அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைப்பது முதல் துண்டு மட்டும், 27.03 சென். ஆகவே பகலில் அனுப்பிவிட்டு இரவில் திரும்ப வாங்கினால் ஒவ்வொரு யூனிட்டிலும் 17.40 சென் போகிறது. அது மட்டுமல்ல, அந்த மாதத்தில் கழிக்க முடியாமல் மிஞ்சும் வரவு அடுத்த மாதத்துக்குப் போகாது, அத்தோடு முடிந்தது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. முதலாவது, சோலாரில் சார்ஜ் செய்தால் பெட்ரோல் செலவு சுத்தமாக இல்லை என்று விற்பனையாளர்கள் சொல்வது முழுக் கணக்கு அல்ல. காருக்குப் போகும் 170 யூனிட்டை வெளியே அனுப்பியிருந்தால் 46 வெள்ளி வரவு வந்திருக்கும், அதை விட்டுக்கொடுக்கிறோம், ஆகவே அதுதான் காரின் எரிபொருள் செலவு. இரவில் தெனாகாவிலிருந்து எடுத்தால் அதே 170 யூனிட் 75 வெள்ளிக்கு மேல். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் காருக்கு 70 லிட்டர் வேண்டும், அரசின் பெட்ரோல் மானியத் திட்டமான பூடி95 தொடங்கியபோது வைத்த 1.99 வெள்ளி விலையிலேயே 139 வெள்ளி. 46, 75, 139. இந்த மூன்று எண்ணையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் மச்சானிடம் சொன்னேன். இரண்டாவது, மாதக் கடைசியில் வரவு மிஞ்சி வீணாகும் வீடாக இருந்தால், அந்த மிஞ்சிய யூனிட்டைக் காருக்குள் போடுவது மெய்யாகவே செலவில்லாத சார்ஜ். பெரிய கூரை, சின்னக் குடும்பம், பிள்ளைகள் வெளியூரில், இப்படிப்பட்ட வீடுகள் குளுகோரிலும் தஞ்சோங் பூங்காவிலும் நிறைய இருக்கின்றன. அவர்கள் அத்தாப்பில் சேர்ந்தால் ஒரு மின்சாரக் கார் அவர்களுக்கு மிகப் பொருத்தம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். கார் பகலில் எங்கே நிற்கிறது?

மச்சான் பிறையில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறான். காலை எட்டு மணிக்கு முன் போனால் மாலை ஐந்தரைக்கு வீடு. அவனுடைய கார் வெயில் முழுவதையும் அலுவலக வாசலில் வாங்கிக்கொண்டு நிற்கும், கூரையிலிருக்கும் பேனல் புக்கிட் மெர்தாஜாமில் மின்சாரத்தை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். ஐந்தரைக்குத்தான் வெயில் இருக்கிறதே, ஏழரைக்குத்தானே இருட்டுகிறது என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. நம் கடிகாரம் சூரியனைவிட முன்னால் ஓடுகிறது. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததிலிருந்து பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டுக்கு அல்ல, ஒன்றே காலை ஒட்டி. ஆகவே மாலை ஐந்தரை என்பது சூரியனுக்கு நான்கு மணி போல. வெளிச்சம் இருக்கும், ஆனால் ஐந்து கிலோவாட் பேனலிலிருந்து ஒன்றரைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது, அதிலும் அந்த நேரத்தில் மலைப்பக்கம் மேகம் திரண்டுவிட்டால் அதுவும் கிடையாது. வீட்டு ஏர்கானும் சமையலறையும் எடுத்ததுபோகக் காருக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஏன் ஒன்றும் மிஞ்சாது என்று சொல்கிறேன் என்றால், மின்சாரக் காருக்கு ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. சார்ஜருக்கும் காருக்கும் இடையில் ஒரு சின்னக் கம்பி வழியாக ஒரு சமிக்ஞை போகிறது, நொடிக்கு ஆயிரம் முறை அடிக்கும் துடிப்பு. அந்தத் துடிப்பு எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதை வைத்து ‘இத்தனை ஆம்பியர் வரை எடுத்துக்கொள்’ என்று சார்ஜர் சொல்கிறது. பத்து விழுக்காடு நின்றால் 6 ஆம்பியர், ஏறக்குறைய 53 விழுக்காடு நின்றால் 32 ஆம்பியர். 6க்குக் கீழே அந்த மொழியில் எண்ணே கிடையாது. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1.4 கிலோவாட். மூன்று ஃபேஸில் எடுக்கும் காராக இருந்தால் அதன் மூன்று மடங்கு, 4.1 கிலோவாட். ஆகவே வீட்டுத் தேவை போக 1.4 கிலோவாட் மிஞ்சாத நேரத்தில் நேரடி சோலார் சார்ஜ் என்பது முடியாது. ஒன்று நிறுத்த வேண்டும், இல்லையென்றால் குறையைத் தெனாகாவிலிருந்து எடுக்க வேண்டும். மூன்று ஃபேஸ் வீட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். உச்சி வெயிலில் தவிர 4.1 கிலோவாட் மிஞ்சுவது கடினம், அதனால் ஒற்றை ஃபேஸுக்கு மாறிக்கொள்ளத் தெரிந்த சார்ஜராகப் பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. சார்ஜ் ஆகும் நேரம் முழுவதும் காருக்குள் கணினியும் பம்பும் விழித்தே இருக்கும், அவற்றுக்கு 200 முதல் 300 வாட் போகும். 7 கிலோவாட்டில் சார்ஜ் செய்யும்போது அது தெரியாது. 1.4 கிலோவாட்டில் செய்தால் ஆறில் ஒரு பங்கு அதற்கே போய்விடுகிறது. சொட்டுச் சொட்டாக எட்டு மணி நேரம் ஏற்றுவதைவிட வெயில் நன்றாக இருக்கும் நான்கு மணி நேரத்தில் 10, 12 ஆம்பியரில் ஏற்றுவது நல்லது. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

மச்சானுக்கு நான் சொன்ன திட்டம் இது. வாரம் 200 கிலோமீட்டர் ஓடுகிறான், சுவரிலிருந்து 34 யூனிட் வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கார் பெரும்பாலும் வீட்டில். காலை பத்திலிருந்து மாலை மூன்று வரை 10 ஆம்பியரில் போட்டால் நாளுக்கு 11 யூனிட், இரண்டு நாளில் 22. வாரத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு வெயிலிலிருந்து வந்துவிடும். மீதிப் பன்னிரண்டு யூனிட்டை வாரநாளில் இரவு பத்து மணிக்குப் பிறகு போட்டுக்கொள்ளட்டும். பேட்டரி 45 யூனிட் பிடிக்கும், வாரத்துக்கு 34 யூனிட்தான் தேவை என்னும்போது தினமும் சார்ஜ் செய்ய வேண்டிய கட்டாயம் எங்கே இருக்கிறது? கைப்பேசி மாதிரி தினமும் இரவில் செருகும் பழக்கத்தை விட்டுவிட்டால், மின்சாரக் கார் வெயிலுக்காகக் காத்திருக்கும்.

எங்கள் வீட்டில் நிலைமை இன்னும் சாதகம். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன், ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் வாரத்தில் காலை எட்டு மணிக்கு வீடு வந்து, காரைச் செருகிவிட்டுப் படுத்துவிடுவேன். குளுகோர் தீவின் கிழக்குப் பக்கம், மலை மேற்கில், காலை வெயில் கடல் பக்கமிருந்து மறைப்பில்லாமல் வரும். பினாங்கில் மேகம் திரள்வது பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான், அதனால் கிழக்கே சாய்ந்த கூரை எங்களுக்குக் கைகொடுக்கிறது. ஆயர் ஈத்தாமில் இருக்கும் ஒரு நண்பருக்கு இதன் மறுபக்கம் நன்றாகத் தெரியும். மாலையில் வெயில் கொடிமலைக்குப் பின்னால் போய்விட்டால் ஜெலுத்தோங்கில் வெளிச்சம் இருக்கும், அவர் கூரையில் இருக்காது. நான் தூங்கும் அறையின் ஏர்கானும் வீட்டின் மற்றச் சாமான்களும் ஒரு கிலோவாட் எடுத்தாலும், பதினொரு மணிக்குக் காருக்கு இரண்டரை கிலோவாட் வரை மிஞ்சுகிறது. பகல் ஷிப்ட் வாரத்தில் காரை மனைவி எடுத்துக்கொள்கிறார். தமிழ்ப்பள்ளி ஆசிரியை, இரண்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார், இரண்டிலிருந்து நான்கரை வரை ஒரு நல்ல துண்டு வெயில் கிடைக்கும். பழைய பெட்ரோல் கார் எனக்கு. இப்படி மாற்றிக்கொண்டது எந்தக் கருவியையும் விட அதிகம் கொடுத்தது. ஒரு வீட்டில் இரண்டு கார் இருந்து ஒன்றை மின்சாரக் காராக மாற்றப் போகிறீர்கள் என்றால், அதிகம் ஓடும் காரை மாற்றச் சொல்வார்கள், நான் சொல்வது பகலில் வீட்டில் நிற்கும் காரை. இரண்டும் ஒன்றாக அமைந்தால் மிகவும் நல்லது.

சோலாரும் மின்சாரக் காரும் வசதி படைத்தவர்கள் சமாச்சாரம் என்ற பேச்சு நம் ஆட்களிடம் இருக்கிறது. விலையைப் பார்த்தால் அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நேரத்தைப் பார்த்தால், வெயில் ஒத்துழைப்பது நைட் ஷிப்ட் தொழிலாளிக்கும், ஆசிரியருக்கும், வீட்டிலிருந்தே தையலோ கேட்டரிங்கோ செய்பவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும்தான். காலை எட்டு முதல் மாலை ஏழு வரை மெர்டேக்கா நாளன்றுகூட ஆபீஸில் இருக்கும் பெரிய அதிகாரியின் வீட்டுக் கூரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவர் காருக்கு அதனால் பயன் குறைவு.

வாழ்க்கையை இப்படி மாற்ற முடியாதவர்களுக்கு வீட்டு பேட்டரி என்ற பதிலைத்தான் சந்தை தருகிறது. மச்சானிடம் ஒரு காண்ட்ராக்டர், பேட்டரி இல்லாமல் சோலாரில் காரைச் சார்ஜ் செய்யவே முடியாது என்று சொல்லியிருக்கிறார். அது சரியல்ல. பகலில் 10 யூனிட்டைப் பேட்டரியில் சேர்த்து இரவில் காருக்குக் கொடுத்தால் அத்தாப்பில் மிச்சம் யூனிட்டுக்கு 17.40 சென், நாளுக்கு 1.74 வெள்ளி, ஒரு நாள் தவறாமல் செய்தாலும் வருடத்துக்கு 635 வெள்ளி. அதிலும் பேட்டரிக்குள் போய் வெளியே வருவதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வீணாகும். பல ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கும் பெட்டிக்கு இது ஈடாகாது. வாசலில் 45 யூனிட் பேட்டரி ஒன்று சக்கரத்தோடு நிற்கும்போது, அதற்குச் சோறு போட இன்னொரு பத்து யூனிட் பேட்டரியைச் சுவரில் மாட்டுவது எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வேறு காரணத்துக்காக பேட்டரி வேண்டும் என்றால், ஆக்சிஜன் கருவியில் இருக்கும் முதியவர் வீட்டில் இருக்கிறார் என்பது போல, அது வேறு விஷயம்.

அப்புறம் ‘ஸ்மார்ட்’ சார்ஜர். மீட்டர் கம்பியில் ஒரு கிளாம்ப் மாட்டி, எவ்வளவு மின்சாரம் வெளியே போகிறது என்று பார்த்து, அதற்கேற்ப காரின் ஆம்பியரை ஏற்றி இறக்கும் சார்ஜர்கள் இருக்கின்றன. பிரிட்டனின் ஜாப்பி இந்த வேலையில் பெயர் பெற்றது. பல இன்வெர்ட்டர் கம்பெனிகளும் தங்கள் இன்வெர்ட்டரோடு பேசும் சார்ஜரை விற்கின்றன. கணினியில் கை வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஜெர்மனியில் உருவான இவிசிசி என்ற திறந்த மென்பொருள் இருக்கிறது, வேறு வேறு கம்பெனி இன்வெர்ட்டரையும் சார்ஜரையும் ஒன்றாகப் பேச வைக்கும், அருமையான வேலை. எனக்கு இவையெல்லாம் பிடிக்கும், தொழிலே அதுதான். ஆனால் பணத்துக்காக இது அவசியமா என்றால், இல்லை. ஒரு மேகம் கடந்து போகும்போது கூரை மூன்று கிலோவாட்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும், கார் அதே பத்து ஆம்பியரை எடுத்துக்கொண்டிருக்கும், குறை தெனாகாவிலிருந்து வரும். அப்படி 8 யூனிட்டில் 2 யூனிட் வெளியிலிருந்து வந்தால் அத்தாப்பில் கூடுதல் செலவு 35 சென். பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு நிற்கும்படி காரிலேயே நேரம் வைத்து, 8 அல்லது 10 ஆம்பியரில் விட்டுவிட்டால் பெரும் பகுதி கிடைத்துவிடும். பல போர்ட்டபிள் சார்ஜர்களில் 6, 8, 10, 13 என்று ஆம்பியரை மாற்றும் பொத்தான் இருக்கிறது. மேகம் மூடிய நாளில் போடாமல் விட்டுவிடலாம், நாளை போட்டுக்கொள்ளலாம்.

பருவமும் தெரிந்திருக்க வேண்டும். பினாங்கில் வெயில் வாரி வழங்கும் காலம் ஜனவரி, பிப்ரவரி. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வெறுங்காலில் நடந்தவர்களுக்குத் தார் ரோடு எப்படிச் சுடும் என்று நான் சொல்லத் தேவையில்லை. செப்டம்பர், அக்டோபரில் மழை, தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கூரையிலிருந்து பாதிகூட வராத நாட்கள் வரிசையாக வரும். புகைமூட்டம் வந்தால், 2015இல் வந்தது போல, வானம் வெளுத்தே இருக்கும், மீட்டர் ஏறாது. அந்த வாரங்களில் இரவில் தெனாகாவிலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

வயரிங் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பதிமூன்று ஆம்பியர் சுவிட்ச் பாயிண்ட் கெட்டிலுக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் செய்தது, சில நிமிடம் ஓடி நிற்கும் சாமான்களுக்கு. கார் பத்து ஆம்பியரை ஐந்து மணி நேரம் விடாமல் இழுக்கும். நாற்பது வருடப் பழைய வரிசை வீட்டில், போர்ச்சில் இருக்கும் தேய்ந்த பாயிண்ட்டில், அதுவும் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு இதைச் செய்தால் பிளக் உருகும். பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு டிபி பெட்டியிலிருந்து காருக்குத் தனி லைன், தனி பிரேக்கர், டிசி கசிவையும் பிடிக்கும் பாதுகாப்புக் கருவி போடச் சொல்லுங்கள். சுடுநீர் ஹீட்டர், இரண்டு ஏர்கான், 32 ஆம்பியர் சார்ஜர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் ஒற்றை ஃபேஸ் வீடு தாங்குமா என்று அவரிடமே கேளுங்கள். மெதுவாகப் பகலில் ஏற்றுகிறவர்களுக்கு இந்தக் கவலையும் குறைவு.

நெம் கணக்கில் பகலும் இரவும் எனக்கு ஒன்றுதான் என்று மேலே சொன்னேன், பிறகு ஏன் பகலில்தான் ஏற்றுவேன் என்று பிடிவாதமாக இருக்கிறேன் என்று மனைவியே கேட்டிருக்கிறார். காரணம் மாலை ஏழு மணி. வீட்டுக்கு வந்து எல்லாரும் ஏர்கான் போடும் நேரம், சமைக்கும் நேரம், கூரைகளெல்லாம் ஓய்ந்துவிட்ட நேரம். நேரத்துக்கேற்ற கட்டணத்தில் தெனாகா வாரநாள் மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை உச்சநேரம் என்று வைத்திருப்பதிலேயே இது தெரியும். அந்த நேரத்தில் பெரும்பாலும் ஓடுவது நிலக்கரியும் எரிவாயுவும். பேராவில் மஞ்சோங் கடற்கரையில் இருக்கும் மின்நிலையத்துக்குக் கப்பல் கப்பலாக வெளிநாட்டு நிலக்கரி வந்து இறங்குகிறது. நான் பகலில் வெளியே அனுப்பும் யூனிட்டும் வீணாகப் போவதில்லை, அடுத்த வீட்டு ஏர்கான் அதை எடுத்துக்கொள்ளும், அந்த அளவுக்கு எங்கோ எரிவாயு மிச்சம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூரைகள் கூடக் கூட நண்பகலில் மின்சாரம் மிதக்கும், மாலையில் தட்டுப்பாடு ஏறும். நாடு முழுவதும் மின்சாரக் கார் வாங்கியவர்கள் எல்லாரும் ஏழு மணிக்கு வந்து 7 கிலோவாட்டில் செருகினால் இன்னொரு மின்நிலையம் கட்டத்தான் வேண்டியிருக்கும். அதற்கு என் வீட்டிலிருந்து ஒரு காரணம் போகக் கூடாது.

கடைசியாக, கூரையே இல்லாதவர்கள். பினாங்கில் நம் ஆட்களில் எத்தனையோ பேர் அடுக்குமாடியில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய கார் பகலில் நிற்பது வேலை இடத்தில். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைக் கூரைகள் எவ்வளவு பெரியவை என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், பலவற்றில் பேனலும் ஏறிவிட்டது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு நிற்கும் காருக்கு வேகமான டிசி சார்ஜர் எதற்கு? நான்கு பெரிய சார்ஜர் வைக்கும் செலவில் வரிசையாக 10 ஆம்பியர் பாயிண்ட்டுகளை வைக்கலாம், ஒரு ஷிப்டில் ஒவ்வொரு காருக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஏறும். பள்ளிகளும் அப்படித்தான். இந்த நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, ஆசிரியர்களின் கார்கள் காலை ஏழிலிருந்து மதியம் வரை வளாகத்திலேயே வெயிலில் நிற்கின்றன, மேலே அகலமான கூரை. மனைவியின் பள்ளியில் அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுக்கப் போகிறோம். உங்கள் பள்ளியிலோ தொழிற்சாலையிலோ இதை ஏற்கெனவே செய்திருந்தால், ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் தனி மீட்டர் வைத்தீர்களா, யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள், யார் பராமரிக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள். கூட்டத்தில் முதலில் கேட்கப் போவது அந்த மூன்றைத்தான்.